ஆலை திறந்து ஏழு மாதம் ஆச்சு, என் கார் எங்கே?

திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு பக்கம், அழகான கையெழுத்து, கூடவே போனில் எடுத்த ஒன்பது படங்கள். தன் பெயர், ஊர், கார் நிறுவனம், ஷோரூம் எதுவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வேறு மாநிலத்தில் புதிதாக மின்சாரக் கார் ஆலை ஒன்று திறந்திருக்கிறார்கள். டிவியில் திறப்பு விழா பார்த்த அதே வாரம் இவர் ஷோரூமுக்குப் போய் 51,000 ரூபாய் கட்டி, நடுத்தர வேரியன்ட்டில் வெள்ளைக் கார் ஒன்றை புக் செய்திருக்கிறார். "எட்டு வாரத்தில் வந்துவிடும் மேடம், ஆலையே ஓடத் தொடங்கியாச்சே" என்றார்களாம். மூன்றாவது மாதம் "உங்களுக்கு வண்டி அலாட் ஆகிவிட்டது" என்று சொல்லி மேலும் 2 லட்சம் வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கே அவருடைய பத்து வருடப் பழைய பெட்ரோல் காரையும் 3.10 லட்சத்துக்கு எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஏழாவது மாதம். கார் வரவில்லை. போன வாரம் போன் செய்து, விலை 40,000 ஏறிவிட்டது, மீதிப் பணத்தை முழுதாகக் கட்டினால்தான் சேஸிஸ் நம்பர் (ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாள எண்) கிடைக்கும், இன்சூரன்ஸும் எங்களிடமே போட வேண்டும், அவசரமென்றால் டாப் வேரியன்ட் உடனே தருகிறோம், கேன்சல் செய்தால் 25,000 பிடிப்போம் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டு போர்ட்டிகோவில் சார்ஜர் மாட்டி, அதற்காக மூன்று ஃபேஸ் இணைப்பும் வாங்கி, சார்ஜர் மழையில் நனையாமல் இருக்க பாலிதீன் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். தினமும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தப் பையைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்று எழுதியிருக்கிறார். அம்மாவை பிசியோதெரபிக்கு அழைத்துப்போக வாரம் இரண்டு முறை வாடகைக் கார். அவர் கேட்பது நான்கு கேள்விகள்: என் காரை வேறு யாருக்கோ விற்றுவிட்டார்களா? பழைய விலைக்கே கொடு என்று கேட்க முடியுமா? தாமதத்தால் மத்திய அரசு மானியமும் வருமான வரிச் சலுகையும் போய்விடுமா? கார் கைக்கு வராதபோது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

சகோதரி, நான்கு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஐந்தாவது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பழைய காரின் ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது போலிருக்கிறது." அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முதலில் பழைய கார்

புதுக் கார் வராதது உங்களுக்கு நஷ்டம், மன உளைச்சல். அது மெதுவாகவாவது தீரும். பழைய காரை நான்கு மாதம் முன்பு சாவியோடு கொடுத்துவிட்டு, பெயர் மாற்றம் ஆகாமல் இருப்பது ஆபத்து. அந்தக் கார் இன்று எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. ஏதாவது ஒன்று நடந்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது ஆர்.சி.யில் உள்ள முகவரியில்தான்.

2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொன்ன தீர்ப்பு இதற்கு நேர் பொருத்தம். ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். அது கைமாறி, மறுபடி கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது. ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பெயரிலேயே கிடந்தது. 2009-ல் விபத்து. நான் விற்று இரண்டு வருடமாச்சே என்று அவர் சொன்னது எடுபடவில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் உயிரோடு இல்லாமல் அப்படி ஒரு வழக்கு வந்தால் வீடு வாசல் வரை போகும்.

நல்ல வேளையாக இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் தரும் முறை நடப்பில் இருக்கிறது. அப்படி அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் போக்குவரத்துத் துறையின் போர்ட்டலில் தகவல் பதிவாக வேண்டும். பதிவானபின் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் படங்களில் அப்படி எந்தத் தாளும் இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்து "வாகனம் பெறப்பட்டது" என்று எழுதியிருப்பது மட்டுமே இருக்கிறது.

ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு மூன்று வேலை செய்யுங்கள். போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, இப்போது யார் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். இன்சூரன்ஸ் முடியும் தறுவாயில் இருந்தால், எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் மூன்றாம் நபர் பாலிசியை உங்கள் பணத்திலேயே புதுப்பித்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தொகையை டீலரிடம் பிறகு கேட்டு வாங்கலாம். அப்புறம் ஷோரூமுக்கு எழுத்தில் கேளுங்கள்: கார் இன்னும் உங்கள் யார்டில் இருக்கிறதா, விற்றாயிற்றா, விற்றிருந்தால் யாருக்கு, எந்தத் தேதியில். யார்டில் நிற்கிறது என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம். விற்றிருந்தால் ஒரு வாரத்துக்குள் பெயர் மாற்றத்தை முடித்துத் தரச் சொல்லுங்கள், அதே கடிதத்தின் நகலை ஆர்.டி.ஓ.வுக்கும் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

ஆலை திறப்பு என்றால் என்ன

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. ஆலை திறந்து ஏழு மாதமாகிறது, தினமும் கார் வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும், என்னுடையதை அதிக விலைக்கு வேறு யாருக்கோ தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். அப்படி நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கணக்கின் அடிப்படையிலேயே ஒரு பிழை இருக்கிறது. ரிப்பன் வெட்டுகிற நாளுக்கும் ஆலை முழு வேகத்தில் ஓடுகிற நாளுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு.

உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட மின்சாரக் கார் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்லா ஜெர்மனியில் பெர்லினுக்குப் பக்கத்தில் குரூன்ஹைடாவில் ஆலை திறந்தது 2022 மார்ச் 22-ம் தேதி. அன்றைக்கு மேடையில் வைத்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது 30 கார்கள். அந்த ஆலை வாரம் 5,000 கார் என்ற அளவைத் தொட ஒரு வருடம் ஆனது. அதற்கு முன்னால் அதே நிறுவனத்தின் மாடல் 3 கார் கதை இன்னும் நீளம். 2016 மார்ச்சில் ஆயிரம் டாலர் கட்டி லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் 30 கார் 2017 ஜூலையில் வந்தது. அந்த வருடக் கடைசிக்குள் வாரம் 5,000 என்று சொன்னதை 2018 ஜூன் கடைசியில்தான் எட்டினார்கள். இதில் உங்களுக்குப் பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. 35,000 டாலர் கார் என்று சொல்லித்தான் புக்கிங் வாங்கினார்கள். ஆனால் முதலில் செய்தது விலை கூடிய வேரியன்ட்களை. அந்த 35,000 டாலர் வேரியன்ட் விற்பனைக்கு வந்தது 2019 பிப்ரவரி இறுதியில், அதாவது வரிசையில் நின்று ஏறத்தாழ மூன்று வருடம் கழித்து.

நீங்கள் நடுத்தர வேரியன்ட் கேட்டதும், டாப் வேரியன்ட் உடனே கிடைக்கும் என்று அவர்கள் சொல்வதும் இப்போது புரிகிறதா? புது ஆலையில் முதலில் லாபம் கூடிய வண்டியைத்தான் செய்வார்கள். உங்கள் கார் திருடு போகவில்லை, பெரும்பாலும் இன்னும் செய்யப்படவே இல்லை.

நம் தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் என்ற வியட்நாம் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி 2025 ஆகஸ்டில் திறந்தபோது, தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார், பிறகு 1.5 லட்சம் வரை என்று அறிவித்தார்கள். (உங்கள் வண்டி இந்த நிறுவனத்துடையது அல்ல, உதாரணத்துக்காகச் சொல்கிறேன்.) இப்படி அறிவிக்கிற எண் எந்த நிறுவனமானாலும் ஆலையின் கொள்ளளவு. தொட்டிக் கொள்ளளவு ஆயிரம் லிட்டர் என்பதால் குழாயில் அன்றைக்கே ஆயிரம் லிட்டர் வந்துவிடாது. வெல்டிங் ரோபோக்களைப் பழக்க வேண்டும், பெயின்ட் ஷாப்பில் நிறம் ஒரே சீராக விழ வேண்டும், ஒவ்வொரு உதிரிபாகமும் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். மின்சாரக் காரில் பேட்டரி செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலில் வருபவை. மோட்டாருக்குள் இருக்கும் அரிய மண் காந்தங்களுக்கு 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது நம் நாட்டு வாகன நிறுவனங்கள் பல திணறின. இதில் எதுவும் உங்களுக்குத் தேதி கொடுத்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு டார்கெட் தெரியும், ஆலையின் நிலவரம் தெரியாது.

ஆனால் இதெல்லாம் விளக்கம், மன்னிப்பு அல்ல. தெரியாத தேதியைச் சொல்லிப் பணம் வாங்கியது தவறுதான்.

உங்கள் தாள் என்ன சொல்கிறது

ஏழாவது படத்தை, புக்கிங் படிவத்தின் முன்பக்கத்தை, பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சில் "எதிர்பார்க்கப்படும் டெலிவரி" என்று இருக்கிற இடத்தில் கோடு காலியாக இருக்கிறது. அதன் பக்கத்திலேயே நீல பால்பாயின்ட் பேனாவில் "8 வாரம்" என்று எழுதி ஒரு சிறு கையெழுத்து. யார் எழுதியது என்று உங்கள் கடிதத்தில் இல்லை, விற்பனைப் பிரதிநிதியாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்தின் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அந்த மூலத்தாளை யாரிடமும், "கணினியில் ஏற்றிவிட்டுத் தருகிறோம்" என்று ஷோரூமிலேயே கேட்டாலும், கொடுத்துவிடாதீர்கள்.

ஏன் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(41), "கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை" என்று ஒன்றை வரையறுக்கிறது. ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டி வியாபாரி பொருளைத் தராமல் இழுத்து, அதனால் விலை ஏறினாலோ ஏற வாய்ப்பிருந்தாலோ அது அதில் அடங்கும். உங்கள் விஷயம் கிட்டத்தட்ட வரிக்கு வரி இதுவேதான். ஆனால் "ஒப்புக்கொண்ட காலம்" என்று ஒன்று இருந்தால்தான் இந்தப் பிரிவு பலமாக நிற்கும். அதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே எழுத்து, அந்த நீல மை.

அந்த எழுத்து இல்லாமலே இருந்திருந்தாலும் நீங்கள் வெறுங்கை இல்லை. காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்தை நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 46-வது பிரிவு சொல்கிறது. எட்டு வாரம் என்று பேசி ஏழு மாதம் ஆவது நியாயமான காலமா என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் அது வாதம், நீல மையில் இருப்பது சான்று.

வாட்ஸ்அப்பில் "அலாட் ஆகிவிட்டது" என்று வந்த செய்தியையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். அலாட் ஆனது என்றால் 17 எழுத்து-எண் கொண்ட சேஸிஸ் நம்பர் ஒன்று இருந்தாக வேண்டும். நம்பரே இல்லாமல் அலாட்மென்ட் என்று சொல்லி 2 லட்சமும் ஒரு காரும் வாங்கியது, இந்தக் கதையில் அவர்கள் பக்கம் மிகவும் பலவீனமான இடம்.

விலை, மானியம், வரி

இதில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் தரும் பதில்தான் இருக்கிறது.

புக்கிங் செய்த நாளின் விலையே கடைசி விலை என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலான படிவங்களில் "டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலையே பொருந்தும்" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் படிவத்தின் பின்பக்கத்திலும், வெளிர் சாம்பல் நிறப் பொடி எழுத்தில், நான்காவது நிபந்தனையாக அது இருக்கிறது. ஆகவே பழைய விலைக்கே கொடு என்று தட்டையாகக் கேட்டால் தோற்றுவிடுவீர்கள். எட்டு வாரத்துக்குள் கொடுத்திருந்தால் பழைய விலைதானே, உங்கள் தாமதத்தின் சுமையை என் தலையில் ஏன் வைக்கிறீர்கள் என்று பிரிவு 2(41)-ஐக் காட்டிக் கேட்டால், அந்த 40,000-ஐ அவர்களே விட்டுக்கொடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. விலை எந்தத் தேதியில் ஏறியது என்ற சுற்றறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

மத்திய அரசு மானியம் போய்விடுமே என்ற கவலையை விட்டுவிடுங்கள், ஏனென்றால் சொந்த உபயோகத்துக்கான காருக்கு அப்படி ஒரு மானியம் இல்லை. 2024 மார்ச்சோடு முடிந்த ஃபேம்-2 என்ற மின்வாகன மானியத் திட்டத்திலும் கார்களில் வாடகை வண்டிகளுக்குத்தான் கொடுத்தார்கள். அதன்பின் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டமும் இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்கள், பஸ், லாரி, ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கானது. அதேபோல் உங்கள் கணவரின் நண்பர் சொன்ன வருமான வரிக் கழிவு, அதாவது மின்சாரக் கார் கடனின் வட்டியில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கழிக்கவிடும் 80இஇபி பிரிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும். உங்கள் லோனுக்குக் கிடைக்காது. இல்லாத சலுகை போய்விடுமே என்ற பயத்தில் டாப் வேரியன்ட்டுக்குத் தாவிவிடாதீர்கள்.

இருக்கிற சலுகை இரண்டு. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2019 ஆகஸ்டிலிருந்து அப்படித்தான். தமிழ்நாட்டில் பேட்டரி வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு, காலவரையறை வைத்து அறிவித்து, அது முடியும் சமயத்தில் நீட்டித்து வருகிறார்கள். முதலில் 2022 முடிய என்றிருந்தது, பிறகு 2025 முடிய என்றானது. கவனிக்க வேண்டியது, வண்டியை ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்யும் நாளில் என்ன அரசாணை நடப்பில் இருக்கிறதோ அதுதான் பொருந்தும். புக்கிங் நாளைக் காட்டிப் பயனில்லை. டெலிவரிக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தாமதத்தால் விலக்கு தவறினால் அந்த வரியை யார் கட்டுவது என்பதை டீலரிடம் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

இன்சூரன்ஸை அவர்களிடமே போட வேண்டும் என்பது செல்லாது. ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் அதே 2(41)-க்குள் வருகிறது. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம், அதை எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பார்த்துவிட்டு ஷோரூம் விலையைப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

முழுப் பணம் கட்டினால்தான் சேஸிஸ் நம்பர் என்பதற்கு ஒரே பதில்: முடியாது. நம்பர் வந்து, அது போட்ட இன்வாய்ஸ் வந்தபின் வங்கி பணம் அனுப்பட்டும். லோன் அனுமதியான நாளிலிருந்தே வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் கண்டித்து, பணம் கொடுத்த நாளிலிருந்துதான் வட்டி என்று சொல்லியிருக்கிறது. ஆகவே லோன் சும்மா இருக்கும்வரை உங்களுக்கு வட்டி இல்லை. டீலர் கணக்குக்குப் பணம் போன நிமிடத்திலிருந்து மீட்டர் ஓடத் தொடங்கும், கார் வீட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும்.

காத்திருப்பதா, விலகுவதா

உங்கள் இடத்தில் என் சொந்தத் தங்கை இருந்தால் என்ன சொல்வேனோ அதைச் சொல்கிறேன். இன்னும் ஒரு மாதம் காத்திருங்கள், ஆனால் இதுவரை காத்திருந்த மாதிரி போன் பண்ணிக்கொண்டு வேண்டாம். டீலருக்கும் கார் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரே கடிதம், ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும். அதில் கோபம் வேண்டாம். புக்கிங் தேதி, கட்டிய தொகைகள், கொடுத்த கார், சொன்ன எட்டு வாரம், இன்றைய தேதி. 30 நாளுக்குள் சேஸிஸ் நம்பரும் டெலிவரி தேதியும் எழுத்தில் தர வேண்டும், தராவிட்டால் இந்தக் கடிதமே கேன்சல் கடிதமாகக் கொள்ளப்பட்டு முழுத் தொகையும், பழைய கார் அல்லது அதன் 3.10 லட்சமும், வட்டியோடு திருப்பித் தரப்பட வேண்டும். அவ்வளவு போதும்.

நிறுவனத்தையும் சேர்ப்பது ஏன் என்றால், பிரச்சினை வந்ததும் "டீலர் தனி முதலாளி, அவர் வாங்கிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்பார்கள். அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். ஆனால் ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேருக்கும் கடிதம் போயிருந்தால், இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டித் தப்பிப்பது கடினம்.

டாப் வேரியன்ட் யோசனையை நான் முழுதாகத் தள்ளவில்லை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்களே கடிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அந்தக் கணக்கில் இது இடிக்கிறது. அவர்கள் தாமதத்துக்கு ஈடாக விலையில் பெரிய அளவு குறைத்துக் கொடுத்தால் மட்டும் பாருங்கள். அப்படிப் பார்த்தாலும், தயாரிப்பாளர் வண்டியோடு தரும் சான்றான படிவம் 22-ல் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். "உடனே தருகிறோம்" என்கிற வண்டி சில நேரம் பல மாதமாக யார்டில் வெயிலில் நிற்கும் வண்டியாக இருக்கும், மின்சாரக் காருக்கு அது நல்லதல்ல.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் ஊருக்கு மிக அருகில் இந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எங்கே? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புது நிறுவனம், புது ஆலை, முதல் தொகுதி வண்டி என்றால் மென்பொருள் கோளாறு, பேனல் கோளாறு என்று முதல் வருடம் நாலைந்து முறை போக வேண்டி வரலாம். அது மதுரையில் இருந்தால் பரவாயில்லை. சென்னையில் மட்டும்தான் என்றால் இந்தக் காத்திருப்பு உங்களுக்கு ஒருவகையில் நல்லதையே செய்திருக்கிறது.

விலகுவதென்று முடிவெடுத்தால் 25,000 பிடிப்போம் என்பதற்குப் பயப்பட வேண்டாம். படிவத்தில் தொகை அச்சடித்திருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். அதுவும் ஒப்பந்தத்தை மீறியது வாங்குபவராக இருந்தால். இங்கே இழுத்தடித்தது அவர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கு (கன்ஸ்யூமர் கோர்ட்) போவதென்றால்

கார் கைக்கு வரவில்லை, அதனால் நான் நுகர்வோரே இல்லை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தவறு. விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து மீதியைத் தருவதாக ஒப்புக்கொண்டவரும் சட்டப்படி நுகர்வோர். நீங்கள் 51,000 கட்டிய நாளிலேயே அந்தத் தகுதி வந்துவிட்டது.

ஷோரூம் திண்டுக்கல்லில் இல்லை, நிறுவனத்தின் அலுவலகம் வேறு மாநிலத்தில், நான் எங்கே அலைவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கும் அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 2019 சட்டம் தந்த பெரிய வசதி அது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், கட்டணம் உங்கள் விஷயத்தில் சில நூறு ரூபாய்தான். நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், உங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

ஆனால் காரையே கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கிவிடலாம் என்று மனதில் வைத்துப் போகாதீர்கள். இன்னும் செய்யாத காருக்காகக் காத்திருப்பதைவிட பணம், வட்டி, இழப்பீடு, செலவுத்தொகை என்றுதான் ஆணையங்கள் பெரும்பாலும் போகும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். இழப்பீட்டுக்கு ரசீது வேண்டும். அம்மாவின் பிசியோதெரபிக்கு வாடகைக் காருக்குக் கொடுத்த பணம் நியாயமாகக் கேட்கக்கூடியது. இதுவரை பில் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இந்த வாரத்திலிருந்தாவது டிரைவருக்கு ஜிபே-யில் அனுப்பி, அனுப்பும்போதே எதற்கென்று இரண்டு சொல் குறிப்பு போடுங்கள். சார்ஜர் வாங்கிய பில், மூன்று ஃபேஸுக்குக் கட்டிய ரசீது இரண்டும் அதே கோப்பில் சேரட்டும்.

அதற்கும் முன்னால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். புகார் எண் தருவார்கள், நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் ஷோரூமில் அசையாத ஃபைல் தலைமை அலுவலகத்தில் இதற்கு அசைந்து நான் பார்த்திருக்கிறேன். 30 நாள் கடிதம் போன அதே நாளில் இதையும் செய்யுங்கள்.

ஒன்பதாவது படத்தில் புக்கிங் படிவத்தின் பின்பக்கம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, ஏழாவது நிபந்தனைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கேன்சல் பற்றிய விதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் தாளை மேஜைமேல் விரித்து இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள், கடிதம் போகும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும். பழைய காரின் இன்சூரன்ஸ் தேதியை மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே பாருங்கள்.